மாடித்தோட்டப் படங்களை அடுக்கிக் குறிச்சொல் இடுவது: முழுமையான வழிகாட்டி

40 தொட்டிகள் உள்ள ஒரு மாடித்தோட்டத்தை வாரம் ஒருமுறை, செடிக்கு 4 படம் வீதம் எடுத்தால் ஆண்டுக்கு 8,320 படங்கள் சேரும். "போன ஆடியில் வெண்டைக்கு வெள்ளை ஈ எந்த வாரம் வந்தது?" என்ற கேள்விக்கு அந்தக் குவியலிலிருந்து ஒரு நிமிடத்தில் பதில் எடுக்க முடிய வேண்டும். இங்கே சொல்லும் முறையின் நோக்கம் அதுதான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் படிகளின் வரிசையில்தான் தவறுகிறார்கள். தேதியைச் சரிபார்க்கும் முன் கோப்புப் பெயர் வைத்துவிடுவார்கள். பிழையான தேதி பெயரிலேயே ஏறிவிடும். நகல் எடுக்கும் முன் அழிக்கத் தொடங்குவார்கள். சொற்களை முடிவு செய்யாமல் குறிச்சொல் (படத்தைத் தேடி எடுக்க அதனோடு இணைக்கும் சொல், டேக்) போடுவார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

முன்கூட்டியே தேவைப்படுபவை

கணினி ஒன்று. கைபேசியில் மட்டும் இதைச் செய்து முடிப்பது கடினம். இரண்டு வெளிவட்டுகள், அல்லது ஒரு வெளிவட்டும் ஒரு மேகச் சேமிப்புக் கணக்கும். டிஜிகேம் (digiKam) என்ற, படங்களை அடுக்கும் மென்பொருள். இது இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், தமிழில் குறிச்சொல் இடலாம். ஒரு விரிதாள். செடிகளுக்குக் குத்திவைக்க வெள்ளை பிளாஸ்டிக் அட்டைகள், அதில் எழுத ஒரு பென்சில். மார்க்கர் பேனா எழுத்து நம் வெயிலில் சில மாதங்களில் வெளிறிவிடும். பென்சிலின் கிராஃபைட் வெளிறாது. அட்டையின் வழவழப்பான பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு எழுதினால் நன்றாகப் பிடிக்கும்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் பகுதிக்குப் போய் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் படம் ஜேபெக் வடிவில் பதிவாகும். குறிச்சொல்லை எழுதவும் படிக்கவும் எல்லா மென்பொருளுக்கும் சிக்கலில்லாத வடிவம் அதுவே.

1. செடிக்கு எண் கொடுங்கள், தொட்டிக்கு அல்ல

இந்த வேலை முழுவதற்கும் இதுதான் அடித்தளம். பெரும்பாலானவர்கள் தொட்டிக்கு எண் போடுகிறார்கள். தொட்டி 12-இல் இன்று தக்காளி இருக்கும். நான்கு மாதம் கழித்து அதே தொட்டியில் கீரை இருக்கும். "12" என்று தேடினால் இரண்டும் கலந்து வரும்.

ஆண்டின் கடைசி இரு இலக்கம், அடுத்து மூன்று இலக்க வரிசை எண் என்று வையுங்கள்: 24-017. இது 2024-இல் விதைத்த அல்லது நட்ட 17-வது செடி. செடி செத்தாலும் அந்த எண்ணை வேறு செடிக்குக் கொடுக்கக் கூடாது. தொட்டி மாறினால் அட்டை செடியோடு போக வேண்டும். கீரை போல ஒரே பாத்தியில் தூவியவற்றுக்கு விதைப்பு ஒன்றுக்கு ஓர் எண் போதும்.

விரிதாளில் ஓர் எண்ணுக்கு ஒரு வரி. பத்திகள்: எண், செடி, வகை, விதை வந்த இடம், விதைத்த நாள், பட்டம் (விதைக்கும் பருவம்), தாவரவியல் பெயர், முடிந்த நாள், குறிப்பு. படத்தில் எண் மட்டும் சரியாக இருந்தால் மற்ற விவரங்களை இந்த வரியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பெயரை அடையாளமாக வைக்காமல் எண்ணை வைப்பதற்கு இன்னொரு காரணம், தமிழ்ப் பெயர்கள் ஒன்றோடொன்று மோதும். "மல்லி" என்றால் ஒரு வீட்டில் கொத்தமல்லி, இன்னொரு வீட்டில் மல்லிகை. "கற்பூரவல்லி" ஒரு மூலிகை, ஒரு வாழை ரகமும்கூட. பவளமல்லி மல்லிகை இனமே அல்ல. கைபேசிச் செயலிகள் செடியின் இனத்தைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். ஆனால் நாட்டுக் கத்தரி வகைகளைப் பிரித்துச் சொல்ல அவற்றால் முடியாது. வகையின் பெயரை விதை கொடுத்தவரிடம் கேட்டு விதைத்த அன்றே எழுதிவையுங்கள். தெரியாவிட்டால் "வகை தெரியாது" என்று எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயர் அடுத்த ஆண்டு விதை எடுக்கும்போது உண்மையைப் போலவே நிற்கும்.

2. படம் எடுக்கும்போதே அடையாளத்தைப் பதிவு செய்யுங்கள்

ஒவ்வொரு செடிக்கும் முதல் படம் அட்டையின் படம். எண் தெளிவாகத் தெரியும்படி கிட்டத்தில் எடுங்கள். அதற்குப் பின் வரும் படங்கள் எல்லாம் அடுத்த அட்டை வரும்வரை அந்தச் செடிக்குரியவை. கணினியில் வரிசையாகப் பார்க்கும்போது அட்டைப் படங்கள் வேலி போல நின்று செடிகளைப் பிரித்துக் காட்டும். முளைத்து ஒரு வாரமான தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளைப் படத்தில் பார்த்துப் பிரிப்பது பழகியவருக்கே சிரமம். அட்டைப் படம் இல்லாவிட்டால் அவை அடையாளமில்லாத படங்களாகவே கிடக்கும்.

அட்டைக்குப் பிறகு இந்த வரிசை: முழுச் செடி, இலையின் மேற்புறம், இலையின் அடிப்புறம், பூ அல்லது காய். அடிப்புறத்தை விடாதீர்கள். வெள்ளை ஈ, அசுவினி, செஞ்சிலந்தி ஆகியவை முதலில் குடியேறும் இடம் அதுதான். மேற்புறத்தில் அறிகுறி தெரியும்போது நாள் கடந்திருக்கும்.

முழுச் செடிப் படத்தை ஒவ்வொரு வாரமும் ஒரே பக்கத்திலிருந்து, ஏறத்தாழ ஒரே தூரத்திலிருந்து எடுங்கள். கைப்பிடிச் சுவரோ தண்ணீர்த் தொட்டியோ பின்னணியில் நிலையாக இருந்தால் வளர்ச்சி அளவு தானாகத் தெரியும். நேரம் காலை 7-லிருந்து 8 மணி. உச்சிவெயிலில் வெள்ளைப் பூக்களும் பளபளப்பான இலைகளும் வெளுத்துப்போய் விவரம் தொலைந்துவிடும்.

3. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேருங்கள். அப்போதே நகல் எடுங்கள்

கைபேசியைக் கம்பியில் இணைத்து மூலக் கோப்பையே கணினிக்கு எடுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி இறக்கிக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை இந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. வாட்ஸ்அப் படமாக அனுப்பும்போது அளவைச் சுருக்கும். எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்களையும் நீக்கிவிடும். கோப்புப் பெயரில் உள்ள தேதி அனுப்பிய தேதி, எடுத்த தேதி அல்ல. வேறு வழியில்லாத நேரத்தில் "டாக்குமென்ட்" ஆக அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போகும்.

கோப்புறைகளை ஆண்டு, அதற்குள் மாதம் என்று மட்டும் வையுங்கள்: 2024, அதற்குள் 2024-08. மாதத்தை இரண்டு இலக்கமாக எழுதாவிட்டால் சில நிரல்கள் 10-ஆம் மாதத்தை 2-க்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும். செடிவாரியாகக் கோப்புறை போட வேண்டாம். பந்தலில் பாகலும் புடலையும் சேர்ந்து நிற்கும் படத்தை எந்தக் கோப்புறையில் வைப்பீர்கள்? இரண்டிலும் வைத்தால் பிரதி இரட்டிக்கும். ஒன்றில் குறிச்சொல் போட்டு மற்றதில் விட்டுப்போகும். செடி, நோய், நிலை எல்லாம் குறிச்சொல்லின் வேலை. கோப்புறை காலத்தை மட்டும் சொன்னால் போதும்.

சேர்த்த உடனேயே முழுவதையும் வெளிவட்டுக்கு நகலெடுங்கள். பொதுவான விதி: மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. நகலெடுத்த பின் வட்டிலிருந்து ஒரு பத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். அதன் பிறகே கைபேசியிலிருந்து நீக்கலாம்.

4. தேதியைச் சரிபாருங்கள்

ஒரு படத்துக்குக் கணினி குறைந்தது இரண்டு தேதிகளைக் காட்டும். ஒன்று, படக் கோப்புக்குள் இருக்கும் எக்ஸிஃப் என்ற உள்விவரப் பகுதியில் கேமரா எழுதிய "எடுத்த நேரம்". மற்றது கோப்பு மாறிய நேரம். இரண்டாவது, நகலெடுக்கும்போதே மாறிவிடக்கூடியது. வரிசைப்படுத்தும்போது எப்போதும் எடுத்த நேரத்தையே தேர்ந்தெடுங்கள்.

கைபேசி நேரத்தை வலையமைப்பிலிருந்து எடுத்துக்கொள்வதால் அதில் பிழை குறைவு. தனி கேமராவில்தான் சிக்கல்: பேட்டரி முழுதும் தீர்ந்தால் கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். திருத்துவது எளிது. கைபேசிக் கடிகாரத்தை அந்த கேமராவால் ஒரு படம் எடுங்கள். படத்தில் தெரியும் நேரத்துக்கும் உள்விவரத்தில் உள்ள நேரத்துக்கும் என்ன வித்தியாசமோ, அதை டிஜிகேமின் நேரம் திருத்தும் வசதி வழியாகத் தேர்ந்தெடுத்த படங்கள் அனைத்துக்கும் ஒரே தடவையில் கூட்டலாம், கழிக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே தேதியை எழுதிவிடாதீர்கள். படங்களின் முன்பின் வரிசை அழிந்தால் அட்டைப் படங்கள் பிரித்துக் காட்டும் பயனும் சேர்ந்து போய்விடும்.

5. கழித்தல்

செடிக்கு வாரம் இரண்டு அல்லது மூன்று படங்கள் நின்றால் போதும். ஆட்டம் கண்டவை, ஒரே கோணத்தில் திரும்ப எடுத்தவை போகலாம். அட்டைப் படங்களை இப்போது அழிக்க வேண்டாம். எண் ஏறிய பிறகு அழிக்கலாம்.

அழிக்கவே கூடாதவை மூன்று: விதைத்த அன்று எடுத்த வெறும் மண் படம், செடி செத்த படம், ஒரு பூச்சியை முதன்முதலாகக் காட்டும் படம். மூன்றாவது கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் வையுங்கள். அழகான படங்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால், எது ஏன் வராமல் போனது என்பதற்கு ஒரு சான்றும் மிஞ்சாது.

6. கோப்புப் பெயர்: இலக்கங்கள் மட்டும்

பரிந்துரைக்கும் வடிவம்: 20240803_071542_24-017. எடுத்த நாள், எடுத்த நேரம், செடி எண். ஒரே நொடியில் இரண்டு படங்கள் இருந்தால் கடைசியில் _1, _2 சேருங்கள். டிஜிகேமில் ஒரு செடியின் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, எடுத்த நேரத்தை வைத்துப் பெயர் மாற்றலாம். எண்ணை மட்டும் நீங்கள் தட்டச்சு செய்ய வேண்டும்.

தமிழில் பெயர் வைக்கலாமே என்று தோன்றும். வைக்கலாம், இன்றைய கணினிகளில் திறக்கும். ஆனாலும் மூன்று காரணங்களுக்காக வேண்டாம் என்கிறோம். முதலாவது, செடியை அடையாளம் கண்டது தவறு என்று பின்னால் தெரிந்தால் பெயர்களையெல்லாம் மாற்ற வேண்டும். இரண்டாவது, யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் இடம் எடுக்கும், அதனால் பெயருக்கு அதிக இடம் பிடிக்கும். மேலும் கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் பழைய ஜிப் (zip) மென்பொருள்கள் தமிழ்ப் பெயரைச் சிதைத்துவிடும். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாதது. "கொ" என்ற எழுத்தை "ொ" என்ற ஒரே குறியாகவும் சேமிக்கலாம், "ெ", "ா" என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சில நிரல்களின் தேடலில் ஒன்றைத் தேடினால் மற்றது வராது.

செடி எண்ணில் கோடு மட்டும் போடுங்கள். சாய்கோடு, முக்காற்புள்ளி (:), கேள்விக்குறி ஆகியவற்றைக் கோப்புப் பெயரில் விண்டோஸ் ஏற்காது.

7. சொற்பட்டியலை முதலில் முடிவு செய்யுங்கள்

குறிச்சொல் போட உட்காரும் முன் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். ஒரே செடிக்கு கத்தரி, கத்திரி, கத்தரிக்காய், கத்தரிச்செடி என்று நான்கு சொல் ஏறிவிட்டால், ஒன்றைத் தேடும்போது மற்ற மூன்றும் விட்டுப்போகும். அதைப் பின்னால் ஒன்றாக்குவது, முதலிலேயே முடிவு செய்வதைவிடப் பல மடங்கு வேலை.

ஐந்து தலைப்புகள் போதுமானவை:

செடி: வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய், அவரை, பாகல், புடலை, கறிவேப்பிலை, மல்லிகை, கொத்தமல்லி...
பாகம்: முழுச்செடி, இலை மேல், இலை அடி, தண்டு, வேர், பூ, காய்
நிலை: விதைப்பு, முளை, நாற்று, பூத்தல், பிஞ்சு, அறுவடை, விதை எடுப்பு, முடிந்தது
சிக்கல்: வெள்ளை ஈ, அசுவினி, மாவுப்பூச்சி, செஞ்சிலந்தி, காய்ப்புழு, இலைச்சுருட்டல், மஞ்சள் நரம்புத் தேமல், சிக்கல் தெரியவில்லை
பட்டம்: ஆடிப்பட்டம் 2024, தைப்பட்டம் 2025

சொல்லை எப்போதும் வேற்றுமை உருபு ஏறாத வடிவில் வையுங்கள். "மரம்" என்று தேடினால் "மரத்தில்" என்று எழுதிய படம் வராது, எழுத்துகளே மாறிவிட்டன. சொல்லைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதையும் ஒருமுறை முடிவு செய்து அப்படியே தொடருங்கள். "ஆடிப்பட்டம்", "ஆடி பட்டம்" இரண்டும் கணினிக்கு வேறு வேறு.

பட்டம் என்பது விதைத்த பட்டம். ஆடியில் ஊன்றிய வெண்டையைப் புரட்டாசியில் படம் எடுத்தாலும் அதன் குறிச்சொல் ஆடிப்பட்டம்தான். இங்கே பலர் படம் எடுத்த மாதத்தைப் பார்த்துப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் ஒரே செடி இரண்டு பட்டங்களில் வந்து நிற்கும். இரு ஆண்டு ஆடி விளைச்சலை ஒப்பிட முடியாது. தேதியைத் தனிக் குறிச்சொல்லாகப் போட வேண்டியதில்லை. அது படத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

"சிக்கல் தெரியவில்லை" என்ற சொல் மிகவும் பயன்படும். இலை மஞ்சளாவதற்குச் சத்துக்குறைவு, நீர் தேங்குதல், நச்சுயிரி என்று பல காரணங்கள் இருக்கலாம். உறுதியாகும்வரை இந்தச் சொல்லில் நிறுத்துங்கள்.

8. குறிச்சொல்லைப் படத்துக்குள் எழுதுங்கள்

கூகுள் போட்டோஸில் படத்துக்குக் கீழே விளக்கம் எழுதினால் அது அந்தக் கணக்கில் மட்டும் இருக்கும், படக் கோப்புக்குள் போகாது. பின்னால் மொத்தமாக இறக்கினால் விளக்கம் தனிக் கோப்பாக வந்து நிற்கும். இரண்டு ஆண்டு உழைப்பு ஒரு செயலியில் அடைபட்டுப்போவது இப்படித்தான்.

டிஜிகேமை முதன்முறை திறக்கும்போதே, விவரங்களைக் கோப்பிலும் எழுதலாமா என்று கேட்கும். எழுதும்படி தேர்ந்தெடுங்கள். அப்போது தவறவிட்டிருந்தால் அமைப்புகளில் மெட்டாடேட்டா (உள்விவரம்) பகுதியில் குறிச்சொல், தலைப்பு, விளக்கம் ஆகியவற்றுக்கு எதிரே உள்ள கட்டங்களை நிரப்புங்கள். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் போடும் சொல் எல்லாம் டிஜிகேமின் தரவுத்தளத்தில் மட்டும் தங்கும். கணினி பழுதானால் அதோடு போகும்.

இப்போது சொற்பட்டியல் முழுவதையும் டிஜிகேமின் குறிச்சொல் மரத்தில் ஏற்றுங்கள்: ஐந்து தலைப்புகள், அவற்றின் கீழே சொற்கள். இனிமேல் தட்டச்சு செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். எழுத்துப் பிழையும், "ொ" குறியின் இரட்டை வடிவமும், சொல்லின் கடைசியில் ஒட்டும் வெற்றிடமும் இதனால் நுழையாது.

முதலில் ஒரு செடியின் படங்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்துச் செடி, பட்டம் இரண்டையும் மொத்தமாகப் போடுங்கள். பிறகு பாகம், நிலை. கடைசியில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, சிக்கல். இலையடியில் ஒட்டியிருக்கும் பூச்சி சிறுபடத்தில் தெரியாது என்பதால் சிக்கலை மட்டும் மொத்தமாகப் போட முடியாது.

குறிச்சொற்களைச் சுருக்கமாக வைப்பதற்கு ஒரு நுட்பக் காரணமும் உண்டு. படத்துக்குள் குறிச்சொல் இரண்டு இடங்களில் எழுதப்படலாம். எக்ஸ்எம்பி என்ற புதிய பகுதியில் நீளக் கட்டுப்பாடு இல்லை. பழைய ஐபிடிசி பகுதியில் ஒரு சொல்லுக்கு 64 பைட்தான். "மஞ்சள் நரம்புத் தேமல்" 59 பைட், உள்ளே அடங்கும். "நோய்" என்று சேர்த்தால் 72 பைட் ஆகிவிடும்; பழைய பகுதியை மட்டும் படிக்கும் நிரலில் வால் அறுந்த சொல்லாகத் தெரியலாம்.

9. விளக்க வரி

எல்லாப் படத்துக்கும் தேவையில்லை. ஏதாவது செய்த நாளிலும், ஏதாவது மாறிய நாளிலும் மட்டும் ஒரு வரி. "வேப்பெண்ணெய் 5 மில்லி, 1 லிட்டர் நீர், மாலையில் தெளித்தது" என்பது பயனுள்ள விளக்கம். "அழகாக வளர்கிறது" என்பதைப் படமே சொல்லிவிடும். அளவு, நாள், பொருள் இல்லாத விளக்கத்தை எழுத வேண்டாம்.

10. வேறொரு மென்பொருளில் சோதியுங்கள்

நான்கைந்து படங்களை வேறு கணினிக்கு நகலெடுங்கள். விண்டோஸில் படத்தின் மேல் வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் என்று போனால் டேக்ஸ் என்ற வரியில் உங்கள் தமிழ்ச் சொற்கள் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் 8-ஆம் படியில் கோப்பில் எழுதும் கட்டம் காலியாக இருக்கிறது. 4,000 படங்களுக்குப் போட்ட பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

பிறகு டிஜிகேமில் மூன்று தேடல்: முதலாவது, ஒரு செடி எண்; இரண்டாவது, வெண்டை, வெள்ளை ஈ, ஆடிப்பட்டம் 2024 ஆகிய மூன்று சொற்களும் சேர்ந்து; மூன்றாவது, நிலை "முடிந்தது". மூன்றாவது தேடலில் வரும் எண்களும் விரிதாளில் "முடிந்த நாள்" நிரம்பிய வரிகளும் ஒத்துப்போக வேண்டும்.

11. ஏற்கெனவே குவிந்து கிடக்கும் படங்கள்

இவற்றிலிருந்து தொடங்காதீர்கள். இந்த வாரப் படங்களில் முறை கைக்குப் பழகட்டும். ஒரு மாதம் ஆனபின் பழையவற்றுக்குப் போகலாம். அண்மை மாதத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். அண்மையவை நினைவில் இருக்கும், பின்னணியில் உள்ள தொட்டிகளையும் அடையாளம் காண முடியும். ஒரு உட்காரலில் 200 படங்களுக்கு மேல் வேண்டாம். கண் களைத்தால் தவறான சொல் ஏறும்.

பழைய செடிகளுக்கு எண் கொடுக்க, விதைத்த ஆண்டை வைத்து 23-901 போல 900-க்கு மேற்பட்ட எண்களை ஒதுக்குங்கள். பின்னால் ஊகித்துக் கொடுத்த எண் என்பது பார்த்ததும் தெரியும். எந்தச் செடி என்று சொல்லவே முடியாத படங்களுக்கு 000. வாட்ஸ்அப் வழியாக வந்து தேதி இழந்தவற்றுக்குக் கோப்புப் பெயரில் உள்ள தேதியை எடுத்துக்கொண்டு, "தேதி தோராயம்" என்ற குறிச்சொல் போடுங்கள்.

12. வெளியே பகிரும் முன்

மாடியில் எடுத்த படத்தில் இட விவரம் பதிவாகியிருந்தால் அது உங்கள் வீட்டின் இருப்பிடம். தோட்டத்தில் எல்லாப் படமும் ஒரே இடத்தில் எடுப்பதால் உங்களுக்கு அந்த விவரத்தால் பயனில்லை. கேமரா அமைப்பில் அதை நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே பதிவான படங்களைக் குழுக்களுக்கோ விதை மாற்றும் நண்பர்களுக்கோ அனுப்பும்போது, ஒரு பிரதி எடுத்து அதில் மட்டும் இட விவரத்தை நீக்கி அனுப்புங்கள். மூலக் கோப்பைத் தொட வேண்டாம்.